துயர் ஆறும் வழி: புத்தர் போதனையும் யாழ்ப்பாணமும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகேறுவோரை உற்று நோக்கினால் இருதிறத்தாரைக் காணலாம். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் சைவர் ஒருபால். நாகதீப விகாரையை வணங்கத் தென்னிலங்கையிலிருந்து வரும் பௌத்தர் மற்றொருபால். ஒரே பலகையில் நெருங்கியிருந்து ஒரே உப்புக்காற்றை வாங்கிச் செல்லும் இவ்விரு திறத்தாரும், தீவை அடைந்ததும் தத்தம் கோயிலை நோக்கிப் பிரிந்து விடுகின்றனர். படகில் வரும்போது ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது அரிது. ஆயினும் வேண்டுதல் என்று எடுத்துக்கொண்டால் இரு திறத்தாரும் கொண்டு செல்வது பெரும்பாலும் ஒன்றே: நோய், பிரிவு, பிள்ளைகளைப் பற்றிய கவலை, ஆறாத துயர்.

இத்தீவோடு தொடர்புறுத்தப்படும் பழங்கதை மகாவம்சத்தின் முதல் அத்தியாயத்தில் உள்ளது. புத்தர் பெருமான் ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில், நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் ஒரு மணியாசனத்தின் பொருட்டுப் போருக்கு எழுந்தனர். இவர்கள் அயலார் அல்லர், மாமனும் மருமகனும். சித்திரை மாதத்து அமாவாசைப் போயா நாளிற் பெருமான் ஆங்கு எழுந்தருளி, இரு படைக்கும் நடுவே வானில் நின்று, இருளைப் பரப்பி அவர்களை அஞ்சுவித்து, பின்னர் ஒளி தந்து அச்சம் நீக்கி, ஒற்றுமையை விளைக்கும் அறத்தை உரைத்தார். மனம் மாறிய அரசர் அவ்வாசனத்தை அவருக்கே அளித்தனர். அவரும் அதில் அமர்ந்து அவர்கள் இட்ட அமுதை உண்டார். புறப்படுங்கால் அதனைத் தம்முடன் கொண்டு சென்றாரல்லர். வணங்குதற்கென அந்நாட்டாரிடமே விட்டுச் சென்றார். கதை சொல்வோர் போர் நின்றதை விரித்துரைப்பர். ஆசனம் ஊராரிடமே திரும்பிய இக்கடைசிச் செய்தியை விரைந்து கடந்து விடுவர். அவ்வாறு கடந்துபோகத் தக்க செய்தியன்று அது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலும் இதே கதை வருகின்றது. அங்கே தீவின் பெயர் மணிபல்லவம். நாக அரசர் இருவர் பொருத ஆசனம், கண்டவர்க்குப் பழம்பிறப்பு உணர்த்தும் தரும பீடிகையாக நிற்கின்றது. மணிபல்லவம் நயினாதீவே என்பாரும், வேறொரு தீவு என்பாரும் உளர். நாகதீபம் என்ற பெயர் குடாநாடு முழுமைக்கும் வழங்கியது என்பதற்கு, 1936ஆம் ஆண்டு வல்லிபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட பொற்றகட்டைச் சான்று காட்டுவர். அமைச்சன் ஒருவன் ஆட்சி செய்த நாடாக அத்தகடு நாகதீபத்தைக் குறிக்கின்றது. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் வந்திறங்கிய சம்புகோளத் துறை, மாதகலை அடுத்த சம்பில்துறை எனக் கொள்ளப்படுகின்றது. சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடையிற் பனைகளின் நிழலிற் கிடக்கும் சிறு தூபிகளை, 1917ஆம் ஆண்டு தொடங்கிப் போல் பீரிஸ் ஆராய்ந்து உலகறியச் செய்தார். தமிழிற் பௌத்தக் காப்பியம் பாடப்பட்டதும், தமிழகத்துப் பௌத்தப் பள்ளிகளுக்கும் இலங்கை விகாரைகளுக்கும் இடையே துறவியர் வந்து போனதும் அறிஞர் ஒப்பிய செய்திகள். ஆகவே இக்குடாநாட்டிற்குப் புத்தர் போதனை புதியதன்று.

ஆயினும் இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழர் செவியிற் பௌத்தம் என்ற சொல் விழும்போது, தியானமும் கருணையும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. படைமுகாம், காணி, கட்டடம் ஆகியனவே வருகின்றன. தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த விகாரையை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டு முதற் காணி உரிமையாளர் போயா நாட்களிலே கூடி எதிர்ப்புத் தெரிவிக்கலாயினர். நாக அரசரின் போர் தணிந்ததும் ஒரு போயா நாளிலேதான். இந்த மனக்கசப்பை மறைத்துவிட்டுப் புத்தரின் ஆறுதல் மொழியை இம்மண்ணிற் பேசுவது நேர்மையாகாது. போதனை வேறு, அதன் பெயரால் நடப்பது வேறு என்று பிரித்துக் காணும் பொறுமை கேட்போருக்கு வேண்டும்; பிரித்துக் காட்டும் துணிவு சொல்வோருக்கு வேண்டும்.

இனித் துயரின் செய்திக்கு வருதல் தகும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்து, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றனர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி வடமராட்சி கிழக்கின் கரையோர ஊர்களைக் கடல் வாரிக்கொண்டது. 2009ஆம் ஆண்டு மே மாதம் வன்னியிற் போர் முடிந்தபோது, குடாநாட்டில் இழப்பைக் காணாத உறவுமுறை அரிதாயிற்று. இத்தகைய இழப்புகளின் முன் ஒரு சமயம் என்ன சொல்ல இயலும் என்பதே கேள்வி.

பௌத்தம் இதற்கு விடையாக அநித்தியத்தைச் சொல்லும் என்று பலர் எண்ணுவர். தோன்றியது மறையும், ஆதலால் அழாதே என்பதே அதன் போதனை என்று கருதுவர். இக்கருத்துச் சரியன்று. பாளி நூல்களிற் பெருமான் துயருற்றோரை எதிர்கொண்ட இடங்களை ஆராய்ந்தால், அவர் தத்துவத்தை முதலிற் சொன்ன இடம் அரிதாகவே காணப்படும். அவர் முதலில் ஒரு வேலை கொடுத்தார். அல்லது ஒரு சொல்லால் அழைத்தார். சில வேளை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

கிசாகோதமியின் கதை பலரும் அறிந்தது. சாவத்தி நகரில் அவள் நடைபயிலும் ஒரே மகனை இழந்தாள். இறந்தான் என்பதை ஏற்க மாட்டாமற் பிள்ளையை இடுப்பிலே சுமந்து, மருந்து கேட்டு வீடுவீடாய் அலைந்தாள். கண்டவர் அவளைப் பித்துப் பிடித்தவள் என்று நகைத்தனர். ஒருவர் மாத்திரம் புத்தரிடம் போகுமாறு கூறினார். புத்தரோ பிள்ளை இறந்துவிட்டான் என்று அவளிடம் சொல்லவில்லை. எவரும் இறவாத ஒரு வீட்டிலிருந்து சிறிது கடுகு வாங்கி வருமாறு அனுப்பினார். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு காணாத வீடுதான் கிடைக்கவில்லை. மாலைக்குள் அவள் தானே பிள்ளையை மயானத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

இக்கதையின் முடிவைச் சொல்லிவிட்டு, எல்லாரும் இறப்பவரே என்ற உண்மையை அவள் உணர்ந்தாள் என்று பிரசங்கத்தை முடிப்பது வழக்கம். அந்த உண்மையை நகரத்தார் அனைவரும் காலை முதலே அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தனர். சொல்லக் கேட்டபோது அது அவள் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு வாயிலிலும் நின்று, ஓரிடத்திற் கணவனையும், ஓரிடத்தில் மகளையும், வேறோரிடத்தில் தாயையும் இழந்தோர் தத்தம் கதையைச் சொல்லக் கேட்டபோதுதான் ஏறியது. காலையில் மருந்து கேட்கச் சென்றவள், மாலைக்குள் பிறர் துயரைக் கேட்பவள் ஆனாள். மருந்து கடுகிலே இல்லை. அவள் நடந்த நடையிலே இருந்தது.

யாழ்ப்பாணத்து மரபும் இதனை வேறு பெயரால் அறிந்திருந்தது. இறப்பு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டாதிருத்தல், அயலார் உணவு சமைத்துக் கொண்டுவருதல், பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லுதல், எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, அன்று இறந்தவரின் வரலாற்றைக் கல்வெட்டு என்னும் சிறு நூலாக அச்சிட்டு வழங்குதல் ஆகிய யாவும், துயருற்றவரைத் தனியே விடாத ஏற்பாடுகளே. தந்தையை நினைந்து ஆடி அமாவாசையும், தாயை நினைந்து சித்திரா பூரணையும் ஆண்டுதோறும் நினைவுக்கு நாள் குறித்துக் கொடுத்தன. ஒப்பாரியை நாகரிகக் குறைவென்று கருதிக் கைவிட்ட குடும்பங்கள், அழுகைக்கு வேறு இடம் ஒதுக்கினவோ என்பது ஐயமே. போரின் கொடுமை உயிர்களை மட்டும் கொண்டு செல்லவில்லை, இவ்வேற்பாடுகளையும் குலைத்தது. அகதி முகாமில் அயலவர் என்று சொல்ல யார் இருந்தனர்? வலிகாமம் வடக்கு உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த காலத்திற் கீரிமலைக்குப் போவதே அரிதாயிற்று. துயர் இருந்தது, அது நடந்து செல்வதற்கு வீதி இல்லாமற் போயிற்று.

பட்டாசாரையின் கதை இதனிலும் கொடியது. ஓரிரவும் ஒரு பகலும் கழிவதற்குள் கணவன் பாம்பு தீண்டி மாண்டான். பிறந்த குழந்தையைப் பருந்து கொண்டு போயிற்று. மூத்தவனை ஆறு இழுத்துச் சென்றது. புயலில் வீடு இடிந்து தாய், தந்தை, உடன்பிறந்தான் மூவரும் இறந்தனர். ஆடை நழுவியதும் அறியாமல் அவள் தெருவிலே திரிந்தாள். மண்ணையும் குப்பையையும் எறிந்து அவளை விரட்டினர். போதனை நடந்த இடத்துக்கு அவள் வந்தபோது, கூட்டத்தார் தடுக்க முயன்றனர். தடுக்க வேண்டா என்று விலக்கிய பெருமான், அவளைச் சகோதரி என்று விளித்து, நினைவு திரும்பப் பெறுமாறு மாத்திரம் கூறினார். அச்சொல்லில் அவள் தன் நிலை உணர்ந்து நாணிக் குந்தினாள். அங்கிருந்த ஒருவர் தம் மேலாடையை அவள்மேல் எறிந்தார். அதன் பின்னரே பேச்சும் போதனையும் நிகழ்ந்தன.

இவ்வரிசை ஊன்றி நோக்கத் தக்கது. முதலில் விரட்டாதிருத்தல், அடுத்து உறவுமுறை சொல்லி அழைத்தல், அப்பால் மானம் காக்க ஓர் ஆடை, தத்துவம் கடைசியில். இடம்பெயர்ந்தோர் நடுவே பணியாற்றிய எவரும் இவ்வரிசையின் பொருத்தத்தை அறிவர். உண்ணவும் உடுக்கவும் இடமின்றி நிற்பவரிடம் மன அமைதியைப் பற்றி உரைப்பது, மண்ணெறிந்ததைக் காட்டிலும் பெரிய கருணை ஆகிவிடாது.

பட்டாசாரை பின்னர் துறவு பூண்டாள். ஒருநாள் கால் கழுவிய நீர் மண்ணிற் சிறிது ஓடி வற்றுவதையும், அடுத்து ஊற்றியது சற்றே தூரம் ஓடுவதையும், மூன்றாவது இன்னுந் தூரம் ஓடி மறைவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இளமையில் இறந்த தன் மக்கள், நடுவயதில் இறந்த கணவன், முதுமையில் இறந்த பெற்றோர் எல்லாரும் அந்நீரில் அவளுக்குத் தெரிந்தனர். கிணற்றடியில் நாள்தோறும் கால் கழுவும் யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இதைவிட எளிய தியானப் பொருள் வேறு வேண்டியதில்லை. மக்களை இழந்த பெண்கள் பலர் அவளைத் தேடி வந்து ஆறுதல் பெற்றனர் என்று தேரிகாதை சொல்கின்றது.

இங்கு அம்புச் சூத்திரம் எனத்தக்க ஒரு போதனையையும் கூறவேண்டும். அது சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. அம்பு ஒன்றால் அடிபட்ட ஒருவன்மேல் மற்றுமோர் அம்பும் தைத்தால் என்னாகும் என்று பெருமான் வினவுகிறார். முதல் அம்பு உடலின் நோவு. அதனை ஞானியரும் தவிர்க்க இயலாது. இரண்டாம் அம்பு, அந்நோவைப் பற்றி மனம் மேலும் மேலும் புனையும் வேதனை: ஏன் எனக்கு, இப்படிச் செய்திருந்தால், அப்படிச் சொல்லாதிருந்தால் என்பன. ஷெல் விழுந்த அன்று மகனைக் கடைக்கு அனுப்பிய தாய், அனுப்பியதை எண்ணி எண்ணித் தன்னையே தண்டிப்பாளாயின், அவளை நோகடிப்பது இரண்டாம் அம்பாகும். பயிற்சியால் நீக்கக் கூடியது இந்த இரண்டாவதே. முதல் அம்பை எய்தவன் யார் என்ற விசாரணையை இப்போதனை மூடிவிடவில்லை. அது வேறு மன்றத்துக்கு உரியது.

அப்பயிற்சி யாது? ஆனாபானசதி என்னும் மூச்சுக் கவனிப்பு. உள்ளே செல்லும் மூச்சைச் செல்கிறது என்றும், வெளியே வருவதை வருகிறது என்றும் அறிந்திருத்தல். மனம் விலகினால், விலகியதைக் கடியாமல் மீட்டுக் கொண்டுவருதல். மூச்சை அடக்குவதோ நீட்டுவதோ இதிலில்லை. ஜெர்மனியிற் பிறந்து இலங்கையிற் பிக்குவாகிய ஞானபோனிக தேரர், இம்முறையை விளக்கி எழுதிய நூலைக் கொழும்பில் 1954ஆம் ஆண்டு வெளியிட்டார். மேல்நாட்டார் பலர் இதனை அறிய அந்நூல் வழிசெய்தது. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபட்-சின் 1979ஆம் ஆண்டில் நாட்பட்ட நோவுடையோர்க்கு ஒரு பயிற்சியாக இதனை அமைத்தபின், வைத்தியசாலைகளும் இதனை ஏற்கத் தொடங்கின. இலங்கையிலிருந்து போன சரக்கு கப்பலேறிப் புதுப்பெயருடன் திரும்பி வந்த கதைகளுள் இதுவும் ஒன்று.

யாழ்ப்பாணத்திற் போர்க்காலத்தில் மனநோய் மருத்துவராகப் பணிபுரிந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மனவடு என்ற நூலைத் தமிழிலும், போர் உள்ளங்களில் விளைத்த காயங்களைப் பற்றி 1998ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் ஒரு நூலையும் எழுதினார். அவர் கண்ட உண்மை ஒன்று குறிக்கத்தக்கது. மருந்தும் உரையாடலும் போலவே, மக்கள் தம் சமயத்தில் முன்னரே அறிந்திருந்த அமைதிப் பயிற்சிகளும் பயன்தந்தன. சைவருக்குப் பிரணவம், பௌத்தருக்குப் புத்தரைச் சரணடையும் வாசகம், இஸ்லாமியருக்கு இறைவனைத் துதிக்கும் சொல், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்று அவரவர்க்கு உரியதை மூச்சோடு இசைத்துச் சொல்லுமாறு பழக்கப்பட்டனர். எவரும் எவர் சமயத்துக்கும் மாறவேண்டி வரவில்லை. மூச்சுக்குச் சாதியும் சமயமும் இல்லையாதலால், பௌத்தத்தின் இப்பகுதியை ஏற்பதற்கு ஒரு சைவர் திருநீற்றை அழிக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் இங்கே அவசியம். கொடுமைகளைக் கண்டவர்க்குக் கண்ணை மூடியவுடன் அமைதி வருவதில்லை. அக்காட்சியே திரும்பி வருதல் உண்டு. அத்தகையோர் கண்ணைத் திறந்து, எதிரேயுள்ள மரத்தையோ விளக்கையோ நோக்கி, பாதம் நிலத்திற் படுவதை உணர்ந்து, சில மூச்சுகளோடு நிறுத்திக்கொள்வது நன்று. நடந்தபடி செய்வது சிலருக்கு இன்னும் எளிது. நடைத் தியானமும் பௌத்தம் வகுத்ததே. உறக்கமும் உணவும் பல வாரம் ஒழிந்தவர், உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றுபவர், இல்லாத குரல்களைக் கேட்பவர் ஆகியோர் தியானத்தை நம்பிக் காத்திருக்கலாகாது. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது சுற்றத்தார் கடன்.

துயரின் மற்றொரு முகம் பழிக்குப் பழி. இதனை மணிமேகலைக் காப்பியம் போலக் காட்டிய நூல் தமிழில் அரிது. காயசண்டிகையின் வடிவில் இருந்த மணிமேகலையை உதயகுமரன் பின்தொடர்ந்தான். காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவனைத் தன் மனைவியை நாடி வந்தவன் எனத் தவறாக எண்ணி வாளால் வீழ்த்தினான். மகனை இழந்த அரசமாதேவிக்கு மணிமேகலையே காரணமாகத் தோன்றினாள். பித்தேற்ற மருந்து ஊட்டினாள். தீயோன் ஒருவனை ஏவினாள். நோயென்று சொல்லிப் புழுக்கறையில் அடைத்துப் பட்டினியிட்டாள். எதனாலும் தளராத மணிமேகலை, இறுதியில் அரசியிடம் வினவிய வினாக்கள் புகழ்பெற்றவை. அழுதது மகனின் உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கெனின் அதனை எடுத்துச் சென்று சுடுகாட்டில் இடச் செய்தவர் யார்? உயிருக்கெனின் அது புக்க இடம் அறிய அரிது. அவ்வுயிர்மேல் அன்புண்டாயின், அது எவ்வுடலில் இருக்குமோ என்று எல்லா உயிர்க்கும் இரங்குதலே முறை.

தனியே படித்தால் இவ்வினாக்கள் கடுமையாகத் தோன்றும். மகனை இழந்தவளிடம் இப்படியா வாதாடுவது என்று கேட்கத் தோன்றும். ஆயின் இவற்றைச் சொல்பவள் யார் என்பதை நினைக்க வேண்டும். அரசியின் கையாற் பட்டினி கிடந்தவள் அவள். உதயகுமரனை முற்பிறப்பிற் கணவனாகப் பெற்று இழந்தவளும் அவளே. துயரின் வெளியே நின்று சொல்லும் தகுதியை அவள் கோரவில்லை. அரசி தொழுதபோது அவள் அத்தொழுகையை ஏற்காமல் திருப்பித் தொழுதாள். அடித்தவளும் அடிபட்டவளும் ஒருவரையொருவர் தொழுத காட்சி தமிழ்க் காப்பியங்களில் வேறெங்கும் இவ்வளவு தெளிவாய் இல்லை.

பகை என்றதும் போரை மட்டும் எண்ணவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார் வேலித் தகராற்றில் வல்லவர் என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் செய்தி. ஒரு பூவரசங் கதியாலைச் சாணளவு தள்ளி நட்டதற்காக உடன்பிறந்தார் இருவர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறியதுண்டு. வழக்கு முடிவதற்குள் கதியால் மரமாகிவிடும். மகோதரனும் சூளோதரனும் இக்குடாநாட்டாருக்கு அந்நியர் அல்லர். இதற்குப் பௌத்தம் தரும் பயிற்சி மைத்திரி தியானம். புத்தகோசரின் விசுத்திமார்க்கம் அதனை நடைமுறை அறிந்த ஆசிரியர் போல வகுக்கின்றது. பகைவனிடம் தொடங்காதே என்கிறது அது. தொடங்கினாற் கோபமே வளரும். முதலில் தன் நலத்தை விரும்பு, அடுத்து மதிப்புக்குரிய ஒருவரை நினை, பின் நெருங்கிய நண்பர், பின் வெறுப்பும் விருப்பும் இல்லாத யாரோ ஒருவர், சந்தையிற் காணும் கடைக்காரர் போல்பவர், கடைசியிலேதான் பகைவர். பகைவரை நினைக்கையிற் கோபம் எழுந்தால் முன்னைய படிக்குத் திரும்பு என்றும் சொல்கின்றது. மன்னித்துவிடு என்று ஒரே சொல்லில் ஏவுவோர் இந்த நிதானத்தைக் கற்கலாம்.

அந்நூலில் வேறொரு விதியும் உண்டு. இறந்தவரை நோக்கி மைத்திரி தியானம் செய்யலாகாது. அது உயிரோடிருப்பவர்க்கே உரியது. இறந்தவர்க்கு உரியது தானம் செய்து அதன் புண்ணியத்தை அவருக்கு ஈதல். பௌத்த வீடுகளில் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் துறவியர்க்கு அன்னமிடுவது அதன் பொருட்டே. வாழ்வோர்க்கு ஒரு வழி, மாண்டோர்க்கு ஒரு வழி என்று தெளிவாக வகுத்த இந்நூலும், ஒருவரை எந்த வழியிற் சேர்ப்பதென்று சொல்ல இயலாத நிலை ஒன்று உண்டு. காணாமற் போனவரின் தாயின் நிலை அது.

கிசாகோதமியின் இடுப்பிற் பிள்ளை இருந்தது. மயானத்தில் வைப்பதற்கு ஓர் உடல் இருந்தது. வடக்கில் மகனையோ கணவனையோ கையளித்துவிட்டுக் காத்திருப்பவளுக்கு அதுவும் இல்லை. அவள் எந்த வீட்டிற் கடுகு கேட்பாள்? அந்தியேட்டி செய்தால் மகனைத் தானே கொன்றது போலாகும். செய்யாவிட்டால் அவன் இறந்திருப்பின் கடன் கிடக்கும். மணிமேகலையின் வினாக்களும் இங்கே பொருந்தா. சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்ல உடல் இல்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணாமற் போயுள்ளார் என்று மட்டும் கூறும் சான்றிதழ் வழங்க 2016ஆம் ஆண்டிற் சட்டம் செய்யப்பட்டது. அதே ஆண்டிற் காணாமற் போனோருக்கான அலுவலகத்துக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிற் குடாநாட்டுக்கு அப்பாற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டம் தொடங்கினர். வடமராட்சி கிழக்கு மருதங்கேணியிலும் அவ்வாறே அமர்ந்தனர். கையில் அவர்கள் வைத்திருந்தவை நிழற்படங்கள்.

இவர்களிடம் அநித்தியத்தைப் பேசுவது போதனையைத் தவறான இடத்திற் பயன்படுத்துவதாகும். பௌத்தத் தாய்மாரே இதற்குச் சான்று. யாழ்ப்பாணத்தில் 1984ஆம் ஆண்டு அன்னையர் முன்னணி தோன்றிற்று. தெற்கில் 1987 முதல் 1990 வரை எழுந்த வன்செயலிற் பிள்ளைகள் காணாமற் போனபின், 1990ஆம் ஆண்டு மாத்தறையில் அதே பெயருடன் சிங்களத் தாய்மாரின் அமைப்புத் தோன்றிற்று. அவர்களுட் பெரும்பாலோர் பிறந்தது முதல் விகாரைக்குச் சென்று, எல்லாம் அழிவன என்று கேட்டு வளர்ந்தவர்கள். பிள்ளை எங்கே என்று கேட்க வேண்டிய வேளையில் அக்கேள்விப் பயிற்சி அவர்களை வாயடைக்கச் செய்யவில்லை. 1992ஆம் ஆண்டு அவர்கள் கொழும்பு முகத்துவாரத்துக் காளியம்மன் கோயிலுக்குச் சென்று, தேங்காய் உடைத்து, தலைவிரித்து, நீதி கேட்டு முறையிட்டனர். சிங்களப் பௌத்தப் பெண்கள் தமிழர் வழிபடும் காளியின் வாயிலிற் போய் அழுததை அப்போது அரசியலாகவே பலர் கண்டனர். அரசியலும் அதில் இருந்தது. ஆயினும் கதவு கதவாய்ச் சென்று கேட்ட கிசாகோதமியின் நடை அதில் இருந்ததையும் மறுக்க இயலாது.

அத்தகைய தாய்க்கு மூச்சுப் பயிற்சி இரவில் இரண்டு மணி உறக்கம் தரலாம். மற்றத் தாய்மாரோடு ஒரே பாயில் அமர்ந்திருப்பது இரண்டாம் அம்பைச் சிறிது தளர்த்தலாம். மகனை உயிரோடிருப்போர் வரிசையில் வைத்து மைத்திரியை வேண்டுவதா, மாண்டோர் வரிசையில் வைத்துத் தானம் செய்வதா என்ற கேள்விக்கு மட்டும் துறவியரிடம் விடை இல்லை. சரணடைந்தோரின் பெயர்ப் பதிவேடுகள் யாரிடம் உள்ளனவோ, அவரிடமே அது உள்ளது.